மீட்டருக்கு வெளியே, மீட்டருக்கு உள்ளே: தோட்டத்துத் தண்ணீர் கேட்ட இணைய மனு – ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவில் இணைய மனு ஒன்றைத் தொடங்கப் பத்து நிமிடம் போதும். அதைக் கையில் வாங்கி, பதில் சொல்லக் கடமைப்பட்ட மேசை எது என்று கண்டுபிடிக்கத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. பெரும்பாலான மனுக்கள் அந்த மேசையைத் தேடாமலேயே கையெழுத்து சேர்க்கத் தொடங்கிவிடுகின்றன. அப்படித் தொடங்கித் தோற்ற மனு ஒன்றையும், அதே குறைக்காக இரண்டாம் முறை வேறு விதமாக எழுதப்பட்ட மனுவையும் இங்கே படிப்படியாகப் பிரித்துப் பார்க்கிறோம்.

தோட்டமும் பட்டணமும் பயிற்சிக்காக வரைந்த மாதிரிகள். வீட்டுக் கணக்கு, தண்ணீர் அளவு, கையெழுத்து எண்ணிக்கை, கிடைத்த பதில்கள் எல்லாம் அந்த மாதிரிக்குரியவை. சட்டங்களும் அரசு அமைப்புகளும் நடைமுறைகளும் உள்ளது உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

இடம்

மேற்குக் கரை மாநிலம் ஒன்றில், பழைய டிரங்க் சாலையோரம் அமைந்த எஸ்டேட் பட்டணம். இரண்டு வரிசைக் கடைவீடுகள், போலீஸ் நிலையம், தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் ஆலயம். மூன்று பக்கமும் செம்பனை. பட்டணத்திலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் பால்மரக் காலத்தில் கட்டிய லயங்கள்: வரிசைக்கு 16 வீடு, நான்கு வரிசை, மொத்தம் 64 வீடுகள், 320 பேர். பெரியவர்கள் 188.

இந்த 64 வீடுகளில் 23இல் மட்டுமே தோட்டத்தில் இன்னும் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். மற்ற 41 வீடுகளில் இருப்பவர்கள் ஓய்வுபெற்ற பாட்டாளிகளும், பட்டணத்துக்கும் அதற்கு அப்பால் உள்ள தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகும் அவர்கள் பிள்ளைகளும். குலை வெட்டும் வேலையை இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். அவர்களுக்குத் தனிக் குடியிருப்பு உண்டு. 23, 41 என்ற இந்தப் பிரிவை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் மனு வழி பிரிந்தது இந்த இடத்தில்தான்.

தண்ணீர் வரும் வழி இது. மாநிலத் தண்ணீர் நிறுவனத்தின் பெரிய குழாய் டிரங்க் சாலையோரம் ஓடுகிறது. தோட்ட எல்லையில் கம்பெனியின் பெயரில் ஒரே ஒரு மொத்த மீட்டர். அங்கிருந்து 1.4 கிலோமீட்டர் பழைய இரும்புக் குழாய் தரைத் தாங்கிக்கு, அதாவது தரைமட்டத் தொட்டிக்குப் போகிறது. பம்ப் அதை மேல்நிலைத் தாங்கிக்கு ஏற்றுகிறது. காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் வால்வு திறக்கப்படும். முதல் வரிசைக்கு ஓரளவு வரும். கடைசி வரிசையில் குழாய் சொட்டும். திறந்த சில நிமிடம் துருநிறத்தில் வரும்.

முதல் மனு

பட்டணத்தில் வேலை செய்யும் இளைஞர்கள் புகழ்பெற்ற மனுத்தளம் ஒன்றில் மனு தொடங்கினார்கள். தலைப்பு, தோட்ட மக்களுக்கு நீதி வேண்டும் என்றது. முகவரி, பிரதமருக்கு. உள்ளே ஐந்து பத்தி: நூறாண்டு உழைப்பு, நாட்டுக்குச் செய்த தியாகம், தொடரும் புறக்கணிப்பு. தண்ணீர் ஐந்தாம் பத்தியில் வந்தது. தோட்டத்தின் பெயர் இருந்தது. எத்தனை வீடு, எந்த நேரம், எவ்வளவு தண்ணீர், யார் எதைச் செய்ய வேண்டும் என்பவை இல்லை.

மூன்று வாரத்தில் 5,214 கையெழுத்து. வாட்ஸ்அப் குழுக்களில் பரவியதால் கிள்ளான், கோலாலம்பூர், சிங்கப்பூர், சென்னை வரை போயிற்று. லயங்களிலிருந்து விழுந்த கையெழுத்து 37. தளத்தில் கையெழுத்திட மின்னஞ்சல் முகவரி வேண்டும். முதியவர்கள் பலரிடம் அது இல்லை. லயத்தில் கைத்தொலைபேசி அலையும் சரியாகக் கிடைக்காது. ஒரே தொலைபேசியில் ஒரே மின்னஞ்சலை வைத்து ஒரு குடும்பமே கையெழுத்திட முயன்றபோது முதல் பெயர் மட்டுமே பதிவானது.

கையெழுத்திட்டதும் திரையில் வந்த பணக் கோரிக்கையால் இன்னொரு சங்கடம். இத்தகைய தளங்களில் அப்படித் தரும் பணம் மனுவை மற்றவர்களுக்கு விளம்பரப்படுத்தத் தளத்துக்குப் போகிறது. மனு தொடங்கியவருக்கோ மக்களுக்கோ வராது. பத்து வெள்ளி, இருபது வெள்ளி கொடுத்தவர்கள் தண்ணீர்த் தாங்கி வாங்கக் கொடுத்ததாக நினைத்திருந்தார்கள். பணம் எங்கே என்ற கேள்வி ஆலயத் திருவிழாக் கூட்டத்தில் எழுந்தபோது இளைஞர்களிடம் பதில் இல்லை. மனுவோடு ஊரின் நம்பிக்கையும் தேய்ந்தது. பணம் தர வேண்டாம் என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதியிருந்தால் இது தவிர்ந்திருக்கும்.

மனு எடுத்த பாதையைப் பார்ப்போம். பிரதமர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலாகப் போனது மாநிலத்துக்கு அனுப்பப்பட்டது. மாநிலம் அதைத் தண்ணீர் நிறுவனத்துக்கு அனுப்பியது. நிறுவனத்தின் ஆள் வந்து மொத்த மீட்டரில் அழுத்தம் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. மீட்டருக்கு உள்ளே உள்ள குழாய் தனியார் சொத்து, நிலத்தின் உரிமையாளரை அணுகவும் என்ற பதிலோடு புகார் மூடப்பட்டது. மூன்று மாதம் போயிருந்தது.

அந்தப் பதில் மக்களுக்கு அவமதிப்பாகப் பட்டது. நடைமுறைப்படி அதில் தவறு காண முடியாது. மீட்டர்வரைதான் நிறுவனத்தின் பொறுப்பு. அதிகாரம் இல்லாதவரிடம் கேட்டால் வரக்கூடிய நேர்மையான பதில் இதுதான். வருந்த வேண்டிய விஷயம் வேறொன்று: இனி யார் கேட்டாலும், ஏற்கெனவே விசாரித்து முடித்த புகார் என்று காட்ட ஒரு கோப்பு உருவாகிவிட்டது.

ஒரு லட்சம் என்ற நம்பிக்கை

ஒரு லட்சம் கையெழுத்து சேர்ந்தால் நாடாளுமன்றம் விவாதித்தே ஆக வேண்டும் என்ற பேச்சு நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருகிறது. அது பிரிட்டனின் நடைமுறை. அங்கே நாடாளுமன்றமே நடத்தும் மனுத்தளத்தில் 10,000 கையெழுத்து வந்தால் அரசு எழுத்தில் பதில் தரும். 100,000 வந்தால் விவாதத்துக்கு எடுப்பது பரிசீலிக்கப்படும். அங்கும்கூட விவாதம் உறுதி இல்லை. அமெரிக்க வெள்ளை மாளிகை 2011இல் தொடங்கிய மனுத்தளத்திலும் இத்தகைய வரம்பு இருந்தது. அந்தத் தளம் இப்போது இல்லை.

மலேசியாவில் தனியார் தளத்து மனுவை இத்தனை கையெழுத்துக்கு மேல் அரசு ஏற்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. மக்களவைக்கு மனு கொடுக்க அவையின் நிலையியல் விதிகளில் வழி இருக்கிறது. அதை ஓர் உறுப்பினர் மூலமாக, விதித்த வடிவில் கொடுக்க வேண்டும். கையெழுத்தின் எண்ணிக்கை அங்கே வாசலைத் திறப்பதில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் விதி குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. கேட்டதற்குப் பதில் தர வேண்டும் என்ற கடமையை அது எவர் மேலும் சுமத்தவில்லை.

மனுவும் மகஜரும் நம் மக்களுக்குப் புதியவை அல்ல. 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூரில் இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராப் திரட்டிய பேரணி, ஒரு லட்சம் கையெழுத்து கொண்ட மனுவைப் பிரிட்டிஷ் தூதரகத்தில் கொடுக்கப் புறப்பட்டதுதான். அந்த மனு இலண்டனில் எதையும் அசைக்கவில்லை. மலேசிய அரசியலை அசைத்தது. ஒரு நாட்டின் கவனத்தைத் திருப்பப் பெரிய எண்ணிக்கை உதவும் என்பதற்கு அது சான்று. 1.4 கிலோமீட்டர் குழாயை மாற்ற வேண்டியவர் ஒரு மேலாளர், ஓர் அதிகாரி, ஒரு நிதி ஒதுக்கீடு. அவர்களை அசைப்பது எண்ணிக்கையைவிடத் துல்லியம்.

ஒரு குழாயில் மூன்று அதிகாரம்

இரண்டாம் முறை மனுவைக் கையில் எடுத்த ஊர்க் குழு கையெழுத்தில் தொடங்கவில்லை. தண்ணீர் வரும் வழியைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு பகுதியும் யாருடைய பொறுப்பு என்று எழுதுவதில் தொடங்கியது.

தண்ணீர் சேவை 2005இல் செய்த அரசியலமைப்புத் திருத்தத்தால் மத்திய, மாநிலப் பொதுப் பட்டியலுக்கு வந்தது. தீபகற்பத்தில் அதை ஒழுங்குபடுத்துவது ஸ்பான் எனப்படும் தேசியத் தண்ணீர்ச் சேவை ஆணையம். அடிப்படைச் சட்டம் 2006ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சேவைத் தொழில் சட்டம், அதாவது சட்டம் 655. வீடு வீடாக விநியோகிப்பது மாநில நிறுவனம். முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து, பதில் சரியில்லை என்றால்தான் ஸ்பானுக்குப் போக வேண்டும்.

நிலம் மாநில அதிகாரம். லயம் நிற்பது கம்பெனி நிலம். தனி மீட்டர் வேண்டுமென்றால் நில உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் கேட்கப்படும்.

தொழிலாளர் விவகாரம் மத்திய அரசு. மனுக்காரர்கள் பெரும்பாலும் தவறவிடும் கதவு இதுதான். சட்டம் 446, 1990ஆம் ஆண்டு தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம். முதலாளி தரும் குடியிருப்பில் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும், போதிய மின்சாரம் தர வேண்டும், கட்டடத்தைச் சீராக வைத்திருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. அமல்படுத்துவது தொழிலாளர் இலாகா. மீட்டருக்கு வெளியே, உள்ளே என்ற வாதம் இங்கே எடுபடாது; குழாய் யாருடையதானாலும் முதலாளி தண்ணீர் தர வேண்டும்.

அந்தச் சட்டம் தொழிலாளர்களுக்கானது. 23 வீடுகளுக்கு அது கைகொடுக்கும். ஓய்வுபெற்ற 41 வீடுகளுக்கு அதை நேராகப் பிடித்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு வேறு வாதம் வேண்டும், வேறு மேசை வேண்டும். எல்லோரும் ஒரே மக்கள், ஏன் பிரிக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. பதிலைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்: நான்கு வரிசைக்கும் ஒரே குழாய். 23 வீட்டுக்காகச் சட்டப்படி அதைச் சரிசெய்தால் 64 வீட்டுக்கும் தண்ணீர் வரும். 41 வீட்டாரையும் அதே புகாரில் சேர்த்தால், இவர்கள் எங்கள் தொழிலாளர்கள் அல்லர் என்று கம்பெனி எழுதும். விசாரணை யார் தொழிலாளர் என்ற வாதத்தில் சிக்கி நின்றுவிடும்.

அளவெடுத்தல்

14 நாள், காலையும் மாலையும், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு வீட்டில் 10 லிட்டர் வாளியை வைத்து, அது நிறையும் நேரத்தைத் தொலைபேசிக் கடிகாரத்தில் பார்த்து எழுதினார்கள். வாளியில் 10 லிட்டர் கோட்டைப் பாட்டில் தண்ணீர் ஊற்றி முதலில் சரிபார்க்க வேண்டும். கடையில் 10 லிட்டர் என்று விற்கும் வாளி விளிம்புவரை ஊற்றினால் கூடுதலாகவே பிடிக்கும். எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். மற்றவர்கள் மூடியிருக்கும்போது அளந்தால் கணக்கு அழகாக வரும், அதனால் பயனில்லை.

முதல் வரிசையில் வாளி நிறைய சராசரி 6 நிமிடம், கடைசி வரிசையில் 17 நிமிடம். வால்வு திறந்திருக்கும் நான்கு மணி நேரத்தில் கடைசி வரிசை வீட்டுக்குக் கிடைப்பது சுமார் 140 லிட்டர், ஐந்து பேர் வீட்டில் ஆளுக்கு 28 லிட்டர். பம்ப் மணிக்கு 4 கன மீட்டர் ஏற்றுகிறது. நாளுக்கு 16 கன மீட்டர். 320 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 50 லிட்டர். மலேசிய வீடுகளில் ஒருவர் நாளுக்குச் சராசரியாக 200 லிட்டருக்கு மேல் புழங்குகிறார். இந்த ஒரு ஒப்பீடு, முதல் மனுவின் ஐந்து பத்தியைவிட அதிகம் பேசியது.

அடுத்தது இரவுச் சோதனை. பம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரோடு பேசி, தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, நள்ளிரவு 1 மணிக்குத் தரைத் தாங்கியின் உள்வரும் வால்வை மூடினார்கள். மொத்த மீட்டரைப் படம் எடுத்தார்கள். 4 மணிக்கு மறுபடியும் படம். யாரும் ஒரு சொட்டு எடுக்காத மூன்று மணி நேரத்தில் மீட்டர் 2.7 கன மீட்டர் ஓடியிருந்தது. மணிக்கு 0.9. மீட்டருக்கும் தாங்கிக்கும் நடுவே குழாய் கசிகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதை அப்படியே 24ஆல் பெருக்கி நாளுக்கு 21.6 என்று எழுதிவிடக் கூடாது. இரவில் ஊரில் புழக்கம் குறைவு, பெரிய குழாயில் அழுத்தம் ஏறும், கசிவும் கூடும். பகலில் கொஞ்சம் குறையும். ஆகவே சுமார் 20 என்று எழுதினார்கள். எதிர்த்தரப்புப் பொறியாளர் முதலில் கை வைக்கும் இடம் இத்தகைய கணக்கு. அடக்கமான எண்ணை எழுதியவரின் மற்ற எண்களையும் அவர் நம்புவார்.

வீடுகளுக்கு 16, மண்ணுக்கு 20. கம்பெனி நாளுக்கு 36 கன மீட்டருக்குப் பணம் கட்டுகிறது. அதில் பாதிக்கு மேல் லோரி ஓடும் மண்சாலைக்கு அடியில் போகிறது. இந்த எண் கிடைத்த பிறகு கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதத்தின் தொனியே மாறியது. கெஞ்சவும் வேண்டாம், குற்றம் சாட்டவும் வேண்டாம். கசிவை அடைத்தால் இப்போது கட்டும் பில்லிலேயே இரண்டு மடங்கு தண்ணீர் தரலாம் என்று காட்டினால் போதும்.

கையெழுத்து

இம்முறை இரண்டு பட்டியல். லயத்தில் குடியிருப்போர் பட்டியல் ஒன்று, வெளியூர் ஆதரவாளர் பட்டியல் ஒன்று. இரண்டையும் கலக்கவே கூடாது. மாவட்ட அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, இதில் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்பதுதான்.

குடியிருப்போருக்கு இலவசக் கூகுள் படிவம், மலாயிலும் தமிழிலும். வரிசை எண், வீட்டு எண், பெயர், அந்த வீட்டில் எத்தனை பேர், தொலைபேசி எண், இந்தக் கோரிக்கையை ஏற்கிறேன் என்ற ஒரு கட்டம். அவ்வளவுதான். மின்னஞ்சல் கட்டாயம் இல்லை. இரண்டு இளைஞர்கள் மாலை நேரத்தில் வீடு வீடாகப் போய்த் தமிழில் வாசித்துக் காட்டி நிரப்பினார்கள். எழுத முடியாத முதியவர்களுக்கு அதே வரிசையில் அச்சிட்ட தாள், பெருவிரல் ரேகை, பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து.

அடையாள அட்டை எண் கேட்கவில்லை. அதன் 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் அது வாட்ஸ்அப்பில் சுற்றினால் மோசடிக்காரனுக்குப் பாதி வேலை முடிந்தது. இலாகா கேட்டால் விண்ணப்பதாரர் தானே நேரில் காட்டட்டும். படிவத்தின் விடைத்தாளைக் குழுவின் மூவரைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி பூட்ட வேண்டும். தொடக்கத்தில் அமைப்பைக் கவனிக்காவிட்டால், நிரப்பியவர்கள் மற்றவர்களின் பதில் சுருக்கத்தைப் பார்க்க நேரலாம்.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு. ஊரில் அழைக்கும் பெயர் ஒன்று, அட்டையில் உள்ள பெயர் வேறு. அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலோடு, இன்னாரின் மகன், மகள் என்று காட்டும் அ/லெ, அ/பெ உட்பட எழுதாவிட்டால், விசாரணைக்கு வரும் அதிகாரி சம்பளப் பட்டியலோடு ஒப்பிடும்போது பெயர் பொருந்தாது. 23 வீட்டாருக்கு இது மிக முக்கியம்.

188 பெரியவர்களில் 171 பேர், 64 வீடுகளில் 61. மூன்று வீடுகள் ஒதுங்கின. ஒன்று மண்டோர் (மேற்பார்வையாளர்) வீடு. மற்ற இரண்டும் கம்பெனியில் பொறுப்பில் உள்ளவர்கள். அவர்களை வற்புறுத்தவில்லை, பெயரைக் கூட்டத்தில் சொல்லவும் இல்லை. அப்படித்தான் செய்ய வேண்டும். கையெழுத்திடாதவரை ஊர்த் துரோகியாக்கினால், அடுத்த வாரம் கையெழுத்திட்டவர்களின் பட்டியல் மேலாளர் மேசையில் இருக்கும்.

வெளியூர் ஆதரவாளருக்குப் பொதுத் தளத்துப் பக்கம் தொடர்ந்தது. புதுத் தலைப்பு, படங்கள், பணம் வேண்டாம் என்ற வரி. அதன் வேலை பத்திரிகையாளரும் சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளரும் ஒரே இணைப்பில் விவரம் பார்க்க வகைசெய்வது. குடியிருப்போர் பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை.

எழுத்து

மூன்று கடிதம், ஒவ்வொன்றும் ஒரே பக்கம், மலாயில். இணைப்பாக அளவுப் பட்டியல், வரைபடம், தேதியோடு கூடிய நான்கு படம். தமிழ்ப் பிரதி மக்களிடம் இருந்தது; தாம் எதற்குக் கையெழுத்திட்டோம் என்று ஒவ்வொருவரும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் அதிகாரி வந்தால் குழுத் தலைவரை விட்டுவிட்டு வாசலில் நிற்கும் பாட்டியிடம்தான் கேட்பார்.

தொழிலாளர் இலாகாவுக்கு: 23 தொழிலாளர் வீடுகளில் சட்டம் 446 கேட்கும் போதிய தண்ணீர் இல்லை, அளவு இது, குடியிருப்பை நேரில் பரிசோதிக்க வேண்டுகிறோம். இந்த இலாகாவுக்கு 2021இல் வந்த ‘வொர்க்கிங் ஃபோர் வொர்க்கர்ஸ்’ செயலி வழியாகவும் புகார் செய்யலாம்.

கம்பெனிக்கு: இரவுச் சோதனை முடிவு இது, கசியும் பகுதியை மாற்றவும், பம்ப் நேரத்தை 4இலிருந்து 10 மணி நேரமாக்கவும், 41 வீடுகளுக்குத் தனி மீட்டர் விண்ணப்பிக்க ஒப்புதல் கடிதம் தரவும் கேட்கிறோம்.

மாவட்ட அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும்: 41 வீடுகளின் தனி மீட்டர் பற்றிக் கம்பெனி, தண்ணீர் நிறுவனம், மாவட்ட அலுவலகம் மூன்றும் உட்காரும் ஒரு கூட்டத்தைக் கூட்டவும், குழாய் பதிக்கும் செலவுக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டைப் பரிசீலிக்கவும்.

ஒவ்வொரு கோரிக்கையும் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். பரிசோதிப்பீர்களா, ஒப்புதல் தருவீர்களா, கூட்டம் கூட்டுவீர்களா. நீதி வேண்டும் என்ற வரிக்கு, கவனத்தில் கொண்டோம் என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும்.

திருடுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள் போன்ற சொற்கள் எங்கும் வரவில்லை. அவதூறுச் சட்டம் 1957ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. இணையத்தில் எழுதுவதை 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவும் தொடும். நிரூபிக்கக்கூடிய அளவை மட்டும் எழுதினால் இரண்டிலும் சிக்கும் வாய்ப்பு குறைவு. குளிக்கும் குழந்தைகளின் படம் முதல் மனுவில் இருந்தது, எடுத்துவிட்டார்கள். வாளியும் கடிகாரமும் மீட்டரும் தெரிந்தால் போதும்.

கொடுத்த விதம்

மத்திய இலாகாக்கள் சிஸ்பா என்ற பொதுப் புகார் முறையைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வோர் இலாகாவுக்கும் தனிப் பக்கம். தவறான பக்கத்தில் போட்டால் வேறிடம் மாற்றிவிடுவார்கள், நாள் போகும். இணைப்புக்கு அளவு வரம்பு இருப்பதால் படங்களைச் சுருக்கி ஒரே பிடிஎஃப் கோப்பாக்க வேண்டும். அனுப்பியதும் வரும் குறிப்பு எண் தெரியும் திரையைப் படம் எடுத்து, தேதியோடு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். பிறகு பேசும் ஒவ்வொரு தொலைபேசியிலும் முதலில் சொல்ல வேண்டியது இந்த எண்தான்.

இணையத்தில் அனுப்பிய மறுநாளே மூன்று கடிதத்தையும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான சாப்பு (முத்திரை) வாங்கினார்கள். இரண்டு முறை எதற்கு என்று தோன்றலாம். இணையப் புகார் புகார்ப் பிரிவுக்குப் போகும். நேரில் கொடுத்தது அதிகாரியின் தட்டுக்குப் போகும். கடிதத்தின் அடியில் மற்ற இரு தரப்புக்கும் நகல் என்று எழுதியிருந்தது. மூவரில் எவரும், மற்றவர்களுக்குத் தெரியாது என்று எண்ண முடியாது. முதல் மனு மூடப்பட்ட எண்ணையும் கடிதத்தில் குறிப்பிட்டு, அது மீட்டருக்கு வெளியே பார்த்தது, இது உள்ளே உள்ளதைப் பற்றியது என்று ஒரே வரியில் விளக்கியிருந்தார்கள். பழைய கோப்பைக் காட்டிப் புதியதை மூடும் வழி அதோடு அடைபட்டது.

மாதம் ஜூன். கூட்டரசு பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகும். மாநிலங்கள் அதையொட்டி ஆண்டிறுதியில். அடுத்த ஆண்டுக்கான பட்டியல் அதற்கு முன்பே இலாகாக்களில் தயாராகிவிடும். டிசம்பரில் கொடுக்கும் மனு நல்ல மனுவானாலும் ஒரு முழு ஆண்டு காத்திருக்க நேரும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரே ஆள், ஒரே எண்ணிலிருந்து அழைத்து, பேசிய அதிகாரியின் பதவியையும் பதிலையும் எழுதி வைத்தார். பலர் மாறி மாறி அழைத்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் கிடைக்கும், ஊரில் குழப்பம்தான் மிஞ்சும். பதிலே வராத இலாகா பற்றிப் பொதுப் புகார்ப் பிரிவான பிபிஏவுக்கு எழுதலாம்; 1971இலிருந்து செயல்படும் அது, இலாகாக்களின் தாமதத்தைப் பற்றிய புகார்களையும் எடுக்கிறது. அதற்கும் அந்தக் குறிப்பு எண்ணும் சாப்பும் வேண்டும்.

விளைவு

தொழிலாளர் அதிகாரிகள் ஐந்தாம் வாரத்தில் வந்தார்கள். கடைசி வரிசையில் தாங்களே வாளி வைத்துப் பார்த்தார்கள். பட்டியலில் இருந்த 17 நிமிடத்துக்குப் பதில் 16 நிமிடம் வந்தது. மற்ற அளவுகளை மறுபடி எடுக்க அவர்கள் கேட்கவில்லை. கம்பெனிக்கு எழுத்தில் உத்தரவு போனது.

கம்பெனி, லோரித் தடத்துக்கு அடியில் போகும் 220 மீட்டர் இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பாலித்தீன் குழாய் போட்டது. கடைசி வரிசைக்குத் தனிக் கிளைக் குழாய். பம்ப் 10 மணி நேரம் ஓடுகிறது. நாளுக்கு 40 கன மீட்டர், ஆளுக்கு 125 லிட்டர். கடைசி வரிசையில் வாளி 11 நிமிடத்தில் நிறைகிறது. மொத்த மீட்டரில் ஓட்டம் 36இலிருந்து 41 ஆனது. தண்ணீர் பில்லில் பெரிய மாற்றம் இல்லை, பம்ப்பின் மின்சாரச் செலவு கூடியது. 125 லிட்டர் இன்னும் நாட்டுச் சராசரியை எட்டவில்லை. ஆனால் மாலை வேலை முடிந்து வருபவர் குளிக்கலாம்.

41 வீடுகளின் தனி மீட்டர் நகரவில்லை. மாவட்ட அலுவலகம் கூட்டம் கூட்டியது. தண்ணீர் நிறுவனம் தயார் என்றது. கம்பெனி ஒப்புதல் கடிதம் தரவில்லை. தனி மீட்டர் வந்தால் அந்த வீட்டில் குடியிருப்பவர் பெயரில் பில் வரும், நாளை நிலத்தைக் காலி செய்யச் சொல்லும்போது அது ஒரு சான்றாகும் என்று கம்பெனி அஞ்சுவதாகக் குழு கருதுகிறது. எழுத்தில் அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. குடியிருப்போருக்கும் அதே அச்சம், எதிர்த் திசையிலிருந்து: அதிகம் கேட்டால் காலி செய்யும் நோட்டீஸ் வருமோ என்று. 41 வீட்டாரின் பெயர்ப் பட்டியல் கம்பெனிக்குக் கொடுத்த கடிதத்தில் இணைக்கப்படாமல், வீட்டு எண்ணிக்கை மட்டும் கொடுக்கப்பட்டது இதனால்தான்.

இந்த இடத்தில் தண்ணீர் மனு வீட்டு மனுவாக மாறுகிறது. வீட்டுக்காகக் காத்திருப்பது எவ்வளவு நீளும் என்பதற்குப் சிலாங்கூர் மாநிலப் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் ஐந்து தோட்டங்கள் இருபது ஆண்டுக்கு மேல் நடத்திய போராட்டம் கண்முன் இருக்கிறது. நிலம் கைமாறும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு: தேசிய நிலச் சட்டத்தின் 214அ பிரிவுப்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாடி ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். குழு இப்போது மாவட்ட நில அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறது. லயம் நிற்கும் நிலத்தைப் பற்றி அப்படி ஏதாவது விண்ணப்பம் வந்துள்ளதா, வந்தால் குடியிருப்போரின் கருத்தை எழுத்தில் கொடுக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகள். சாப்பு வாங்கியாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.